சனி, ஞாயிறுக்கு ஓர் ஆள்

நூமா தன் கிண்ணத்தோடு பக்கத்து மேசையில் கிடந்த இரண்டு கிண்ணங்களையும் அடுக்கி எடுத்தாள். கை தானாகச் செய்தது.

"கீழ வை," என்றார் கடை முதலாளி தோமிகோ அம்மா, கொதிக்கும் அண்டாவுக்குப் பின்னால் இருந்து. "உன் கிண்ணத்த மட்டும் கொண்டா. மூணையும் எடுத்தா அதுக்குப் பேரு வேலை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நூமா இரண்டையும் திரும்ப வைத்தாள்.

மார்ச் பதினான்காம் தேதி அவள் கல்லூரிப் படிப்பு முடிந்தது. மாணவர் விசாவில் இருந்த பகுதிநேர வேலை அனுமதியும் அன்றோடு முடிந்தது. விசாவில் நாள் மீதி இருந்தது. ஜப்பானின் தகமாட்சு நகரத்தில் தங்கலாம், துறைமுகத்தில் நடக்கலாம், உடோன் நூடுல்ஸ் சாப்பிடலாம். சம்பளத்துக்கு ஒரு கரண்டியைக்கூடத் தொடக்கூடாது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தங்கும் விடுதியில், வரவேற்பு மேசை வேலை அவளுக்கென்று காத்திருந்தது. புது விசா வரும்வரை அங்கேயும் சேர முடியாது. விசா தயார் என்று அஞ்சலட்டை ஒன்று வரும் என்றார்கள்.

ஆகவே இரண்டு மாதமாக, ஒன்றுவிட்டு ஒருநாள், காலை ஏழு மணிக்கு அவள் இந்த உடோன் கடைக்குச் சாப்பிட வந்துகொண்டிருந்தாள்.

அதற்கு முந்தைய இரண்டரை வருடம் இதே நேரத்தில் அவள் நின்றது, சாப்பிட்டவர்கள் கிண்ணங்களைத் திருப்பி வைக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம். நேபாளத்து இலாமிலிருந்து வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், அவளுக்குத் தெரிந்த ஒரே கதகதப்பான இடம் அந்தக் கழுவுதொட்டிதான். முழங்கைவரை வெந்நீரில் விட்டுக்கொண்டு நிற்பாள். வருகிறவர்கள் கேட்பதைக் காதில் வாங்கியே பாஷை படிந்தது. 'இஞ்சி தூக்கலா, வெங்காயத்தாள் வேணாம்' என்பதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

நூமா என்றால் அவர்கள் பாஷையில் சேற்றுநிலம். முதல் வாரமே தோமிகோ அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"பேரு சேறாம். கழுவுற கிண்ணத்தப் பாரு, முகம் பாக்கலாம்."

உள்ளே உடோன் மாவைக் காலால் மிதித்துக்கொண்டிருந்த அவர் கணவர் அதற்கு மட்டும் சிரிப்பார். மற்றபடி அவர் பேசி நூமா கேட்டதில்லை. ஆனால் பிசைந்த மாவின் மிச்சத்தை உருட்டிச் சுட்டு, அவளுக்கென்று தட்டில் மூடி வைத்திருப்பார்.

நூமா இப்போது ஜன்னலின் இந்தப் பக்கம் நின்று தன் கிண்ணத்தை வைத்தாள். அதை எடுக்க வந்ததும் தோமிகோ அம்மாவேதான். வலது மணிக்கட்டில் கட்டு. கட்டு நனைந்திருந்தது.

"வந்துச்சா?"

வழக்கமான கேள்வி. நூமா வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்.

"நேத்து ஒருத்தி வேலை கேட்டு வந்தா. பின்தெருவுலதான் வீடு. நல்ல ஆளாத்தான் தெரிஞ்சா. இடம் இல்லன்னு அனுப்பிட்டேன். அட்டை வந்துட்டா நீதான் சனி, ஞாயிறு வந்துடுவியே. அதுவரைக்கும் சமாளிச்சுக்கறேன்."

அப்படிச் சொன்னது நூமாதான். மார்ச்சில் கடைசி நாள், ஏப்ரனை மடித்துக் கொடுக்கும்போது சொன்னாள். விடுதியில் விடுமுறை விடுகிற நாளெல்லாம் இங்கே வந்துவிடுகிறேன் என்று. சொல்லும்போது நம்பித்தான் சொன்னாள்.

தோமிகோ அம்மா இடது கையால் கிண்ணத்தைத் தொட்டிக்குள் இறக்கினார்.

"அம்மா, அந்த அக்காவ வரச் சொல்லிடுங்க."

அவர் நிமிர்ந்தார். வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விசா குடுக்கலயா? ஊருக்குப் போகச் சொல்லிட்டாங்களா?"

"குடுத்துட்டாங்கம்மா. ஒன்பது நாளாச்சு."

புது விசா அட்டையை நீட்டிய குடியேற்ற அதிகாரியிடம் நூமா கேட்டது ஒரே கேள்வி. அவர் பொறுமையாகவே சொன்னார். மாணவியாக இருந்தவரை வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் எந்தக் கடையிலும் பாத்திரம் கழுவியிருக்கலாம். இனிப் படிப்புக்கேற்ற வேலை மட்டும். உடோன் கடையில் ஒரு மணி நேரம்கூட முடியாது.

அவள் மறுபடியும் கேட்டாள். அவரும் மறுபடியும் அதையே சொன்னார்.

அதன்பிறகு நான்கு முறை இந்த ஜன்னலில் நின்று, இன்னும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை விடுதியில் சேரவேண்டும்.

அவள் சொல்லி முடிக்கும்வரை தோமிகோ அம்மா தொட்டியில் ஓடும் தண்ணீரை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினார்.

"நல்லதுதானே," என்றார். "நல்ல வேலை."

கைகளைத் துடைத்துக்கொண்டார். நனைந்த கட்டைப் பிழிந்துவிட்டுக்கொண்டார்.

சாப்பிட்டுக் கிளம்புகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கடையில் குனிந்து நன்றி சொல்வார்கள். இந்த இரண்டு மாதத்தில் நூமாவுக்கு ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வீட்டு ஆளிடம் யார் அதைச் சொல்வார்கள்.

தோமிகோ அம்மா இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்து, இடுப்புவரை குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

"ரொம்ப நன்றிங்க," என்றார். "மறுபடியும் வாங்க."