‘பார்ட்’ வருகிற சொற்கள்

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் கடற்பக்கத்து மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. மகள் அக்‌ஷரிக்கு வீட்டுப்பாடம்: ‘பார்ட்’ என்ற எழுத்துகள் வருகிற ஆங்கிலச் சொற்களும் அவற்றின் கருத்துகளும். “பார்ட்டி, கொண்டாட்டம். பார்ட்னர், கூட்டாளி. டிபார்ட், வெளிக்கிடுறது,” என்று ராகுலன் தடுமாறாமல் சொல்லிக்கொண்டு போகிறான். தேநீரோடு வந்த மனைவி தனுஷியா அடுப்படி வாசலிலேயே நின்றுவிடுகிறாள். மகளின் கொப்பியை ஒருநாளும் திறந்து பார்க்காத மனிசன். கொஞ்ச நாளாகக் குளியலறைக்குள்ளும் இயர்போனைக் கொழுவிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறான். கேட்டால் பாட்டு என்கிறான்.

“இவ்வளவு இங்கிலிஷ் எங்க படிச்சனீங்கள்?”

“சும்மா, போனில.” அவன் நிமிரவில்லை.

“அப்பா, அபார்ட் எண்டால்?” என்கிறாள் அக்‌ஷரி.

“ஒருத்தரை விட்டு ஒருத்தர் தள்ளி இருக்கிறது.”

கீழே கடற்கரை ரயில் யன்னல் கண்ணாடிகளை அதிரவைத்துக் கடக்கிறது. அந்தச் சத்தம் அடங்கும்வரை தனுஷியா காத்திருக்கிறாள்.

“எப்ப போறீங்கள்?”

“விசா வந்தால், வைகாசியில. லண்டனுக்கு.”

“நாங்களுமோ?”

அவன் மகளின் பென்சிலை வாங்குகிறான். ஏற்கெனவே கூராக இருக்கிற முனையை மறுபடி சீவத் தொடங்குகிறான்.