ஷென் ஐயாவின் குரல்

ஒரு தலைமுறையையே நிலாவின் மடியில் தூங்க வைத்தவர் என்று கதாசிரியர் ஷென் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். இப்போது வானொலியில் அவர் வாசிக்கும் கதைகளைக் கேட்க ஆள் குறைந்துவிட்டது. அடுத்த கதையும் எடுபடாவிட்டால் அவரை நிறுத்திவிடுவதாக எங்கள் பெய்ஜிங் வானொலி நிலையத்தில் சொல்லிவிட்டார்கள்.

கதையில் இரவின் சத்தம் வரவேண்டும் என்று தாம் வளர்க்கும் சுவர்க்கோழிப் பூச்சியைக் கொண்டுவந்தார். குளிருக்காக அதைச் சுரைக்குடுக்கையில் போட்டு, கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருந்தார். முழுக் கதையையும் உருகி உருகி வாசித்தார். ஒலிப்பதிவு செய்த நான் பதிவைப் போட்டுக் கேட்டேன்.

"ஐயா, பூச்சிச் சத்தம் அருமையா விழுந்திருக்கு. உங்க குரல்தான் விழலை."

"மைக்கைத் தட்டிப் பாரும்மா."

"தட்டிட்டேன். நீங்க இருமினதுகூட இல்லை."

குடுக்கையைத் திறந்தார். பூச்சி செத்துச் சருகாகக் கிடந்தது.

"செத்தது எப்படிம்மா கத்தும்?"

"உங்க கோட்டுக்குள்ளதானே இருந்துது, என்னைக் கேட்டா?"

குடுக்கையை வெளியே வைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பதிவில் மறுபடியும் பூச்சிதான் கத்தியது. அவர் நிறுத்திய இடங்களில் அதுவும் நிறுத்தியது. மூன்றாம் முறை அவர் தொண்டை கிழியக் கத்தி வாசித்தார். பூச்சியின் சத்தம் கூடியது.

நேரமாகிவிட்டதால் அதையே ஒலிபரப்பினோம்.

முப்பது வருடமாக அவரோடு குடித்தனம் நடத்தும் மனைவி வீட்டில் அதை முழுவதும் கேட்டாள். அவளுக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.