மூன்றாவது அங்கம்

"முப்பத்தி நாலு வயசாகியும் தனியா இருக்குற பொண்ணு. பிள்ளைங்களுக்குக் காதல் நாடகம் நடத்தாம வேற என்னத்த நடத்துவா?"

ஆசிரியர் அறையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த தமிழ் டீச்சரின் காதில் இது விழுந்தது. குரல் கணக்கு சாருடையது.

இரண்டடி பின்னால் வந்து, கதவு வழியே தலையை நீட்டினாள்.

"முப்பத்தி மூணு சார். கணக்கு வாத்தியார் நீங்களே தப்பாக் கூட்டலாமா?"

உள்ளே யாருக்கோ டீ புரையேறியது.

அவள் நிற்காமல் தலைமை ஆசிரியையின் அறைக்கு நடந்தாள். கூப்பிட்டு அனுப்பியிருந்தார். விஷயம் அந்த நாடகம்தான்.

பதினொன்றாம் வகுப்புக்கு அவளாகத் தேடிப் பிடித்த நாடகம். ஒரு கணவன், ஒரு மனைவி. ஒரே வீட்டில் இருந்துகொண்டே பேச்சை நிறுத்திவிட்டவர்கள். இரண்டாவது அங்கம் முடியும்போது அவன் மூடிய அறைக்கதவின் முன்னால் நின்று, "நான் உள்ளே வரலாமா?" என்று கேட்பான்.

அந்த வரியோடு தலைமை ஆசிரியை போன வாரமே தடை போட்டுவிட்டார்.

"அதுக்கப்புறம் பிள்ளைங்க படிக்க வேண்டாம்."

"அதுக்கப்புறம்தான் மேடம் நாடகமே."

"கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா எனக்கு."

முப்பத்தெட்டுப் புத்தகத்திலும் மூன்றாவது அங்கத்தின் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்கச் சொன்னார். அதுவும் வகுப்பிலேயே, பிள்ளைகள் பார்க்க, அவள் கையாலேயே. ஒரு பின் கழன்றாலும் டீச்சர்தான் பொறுப்பு என்று பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

"எந்த வரி தப்புன்னு காட்டுங்க மேடம், அதை மட்டும் மறைச்சிடுறேன்" என்று கேட்டுப் பார்த்தாள். காட்டவில்லை.

அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்தாகாமல் தலைமை ஆசிரியையின் இழுப்பறையில் கிடந்தது. "ஒரே ஒரு பெற்றோர் புகார் எழுதிக் குடுத்தாலும் அந்தக் கடிதத்தை நீ மறந்துட வேண்டியதுதான்."

இன்று ஒரு பெற்றோர் வந்து, அந்த அறையில் உட்கார்ந்திருந்தார்.

ஆள் வாட்டசாட்டம். கண் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. சட்டைக் கையெல்லாம் பொறி பட்ட ஓட்டைகள். மடியில் அந்தப் புத்தகம்.

"வாம்மா, வா. நான் சொன்னேனா இல்லையா?" தலைமை ஆசிரியையின் முகத்தில் அப்படியொரு திருப்தி. "உன் கிளாஸ் பொண்ணோட அப்பா. வெல்டிங் பட்டறை வச்சிருக்கார். வேலையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்கார்னா எவ்வளவு கொதிச்சுப் போயிருப்பார் பாரு."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினார். "தயங்காம எழுதுங்க சார்."

வெல்டர் தாளைத் தொடவில்லை. டீச்சரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாடகம் நடத்துற டீச்சர் நீங்கதானா?"

"நான்தான். நடத்தினதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிடுறேன்."

"வீட்ல சத்தமா வாசிக்கணும், வீட்டு ஆளுங்களுக்கே ஆளுக்கொரு வேஷம் குடுக்கணும்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"பாத்தீங்களா, வீட்டுக்குள்ளேயே கொண்டு போய் விட்டிருக்கு இந்தப் பொண்ணு!" தலைமை ஆசிரியை பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

"எங்க வீட்ல மூணே பேருங்க" என்றார் வெல்டர். "புருஷன் வசனம் எனக்கு. பொண்டாட்டி வசனம் அவளுக்கு. மிச்சமெல்லாம் மகளுக்கு."

"ஐயய்யோ" என்றார் தலைமை ஆசிரியை.

வெல்டரின் குரல் இறங்கியது.

"நானும் அவளும் பேசி எட்டு மாசம் ஆச்சு மேடம். சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னாலும் மக வந்துதான் சொல்லணும். மொத நாள் வாசிக்க மாட்டேன்னுட்டேன். மார்க் போயிடும்னு பிள்ளை அழுதா. சரி போ, ஒரு பக்கம்னு உக்காந்தேன். அவளும் வந்து உக்காந்தா. மறுநாள் நாலு பக்கம். அந்தப் புருஷனைத் திட்டுற இடத்தையெல்லாம் அவ ரெண்டு தடவை வாசிச்சா."

டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"முந்தா நேத்து நான் கேட்டேன், 'நான் உள்ளே வரலாமா'ன்னு. புத்தகத்துல இருக்குறதைத்தான் கேட்டேன்." புத்தகத்தை மேஜைமேல் வைத்து, பின் அடித்த பக்கங்களின்மேல் விரலை ஊன்றினார். "அவ பதில் இதுக்குள்ள மாட்டிக்கிச்சு. ரெண்டு நாளா வீடு மறுபடி பழையபடி கிடக்கு."

வெல்டர் ஒரு பின்னை விரலால் தடவினார்.

"நெம்பிடலாம்னு இடுக்கியை எடுத்தேன். மக என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'பின்னை எடுத்தா எங்க டீச்சர் வேலை போயிடும்ப்பா'ங்கிறா."

டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெல்டர் தலைமை ஆசிரியையைப் பார்த்தார்.

"நீங்கதான் அடிக்கச் சொன்னீங்களாம். அப்ப படிச்சுப் பாத்திருப்பீங்க. சொல்லுங்க மேடம், அவ என்ன பதில் சொன்னா?"

தலைமை ஆசிரியை டீச்சரைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க மேடம்" என்றாள் டீச்சர். "நான் வெறும் பின் அடிச்சவ."

"இல்ல... எனக்கு முழுசா வாசிக்க நேரம்..."

"முழுசா வேண்டாங்க" என்றார் வெல்டர். "ஒரு வரி போதும்."

தலைமை ஆசிரியை வெள்ளைத் தாளை ஓரமாகத் தள்ளினார். புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரல் நகத்தை முதல் பின்னுக்கு அடியில் கொடுத்து நெம்பினார்.