எஞ்சின் ஆறட்டும்

"மாமா, பத்து நிமிஷத் தூரத்துல வீடு. எஞ்சின் எப்படி இந்தக் கொதி கொதிக்குது?"

பானெட்டைத் திறந்தவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பெரியவர் சாப்பாட்டுத் தூக்கோடு நிதானமாக இறங்கினார்.

"கொஞ்சம் சுத்தி வந்தேம்மா."

"சூட்டோட வால்வு இடைவெளி பார்த்தா அளவு தப்பும்னு எத்தனை தடவை சொல்றது? ஆறி முடிக்க நாலு மணி நேரமாகும்."

"ஆறட்டும். எனக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலையா இருக்கு?"

அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான் பெண் மெக்கானிக். அவர் அவளுடைய முன்னாள் மாமனார். விவாகரத்தாகி இரண்டு வருஷமாகிறது. அந்த வீட்டு உறவெல்லாம் விட்டுப்போன பிறகும் இவர் மட்டும் மாசம் தவறாமல் இந்த நீலக் காரோடு வந்து நிற்கிறார். மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிழட்டு வண்டி. வேறு யார் கை பட்டாலும் அவருக்கு ஆகாது.

'மாமா' என்று கூப்பிட இன்னும் உரிமை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை.

மத்தியானம் தூக்கைத் திறந்தார். வழக்கம்போல இரண்டு பேர் சாப்பாடு.

"இளைச்சிட்டே. சாப்பிடு."

"உங்களுக்கு என்னைவிட வண்டி மேலதான் பாசம்."

"பின்னே? அது எதிர்த்துப் பேசாதே!"

அவள் சிரித்துவிட்டாள். "அதிருக்கட்டும், பின் சீட்டெல்லாம் ஏன் நூலும் துணித் துண்டுமா கிடக்கு?"

"அதுவா... ஒரு துணி மூட்டை ஏத்தினேன்" என்றவர், திடீரென்று தூக்கு மூடியைத் துடைப்பதில் மும்முரமானார்.

எஞ்சின் ஆறியதும் மேல் மூடியைக் கழற்றினாள். ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை ஒவ்வொரு வால்வின் இடைவெளியிலும் விட்டுப் பார்த்தாள். ஏழு வால்வும் சரியாக இருந்தன. எட்டாவதில் தகடு நுழையவே இல்லை. போன மாசம்தான் செட் செய்தது. நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, பழையபடி இடைவெளி வைத்தாள். திருகு கிட்டத்தட்ட அதன் எல்லைக்கே வந்திருந்தது.

"என்னம்மா, முகமே மாறிடுச்சு?"

"சத்தம் போடுற வால்வு பரவாயில்லை மாமா. வாயே திறக்காம உள்ளுக்குள்ள எரியுறதுதான் ஆபத்து. இது அப்படித்தான், மாசாமாசம் இறுகுது. இன்னும் ஆறு மாசம், மிஞ்சினா எட்டு மாசம். அப்புறம் இந்த எஞ்சின் அவ்வளவுதான்."

யாரோ ஒருத்தருடைய வண்டியைப் பற்றிக் கேட்டதுபோல, "அப்படியா" என்றார் அவர். பிறகு அவளை உற்றுப் பார்த்தார். "நீ ஏன் கண்ணைத் துடைக்கிறே?"

"ஆயில் தெறிச்சிடுச்சு."

அவர் கை கழுவப் பின்பக்கம் போனார். அவள் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி போனால் இவர் எதற்கு இங்கே வரப்போகிறார்? பெற்றவர்கள் இல்லாதவளுக்கு, 'இளைச்சிட்டே' என்று சொல்ல அப்புறம் யார் இருக்கிறார்கள்? எட்டே மாசம்.

போன் அடித்தது.

"வணக்கம்மா, நான் டெய்லர் பேசறேன். கார் கண்ணாடியில ஒட்டியிருக்கிற உங்க ஷெட் ஸ்டிக்கர்ல பார்த்த நம்பர். நீலக் கார் அங்க இருக்கா? பெரியவர் போனை எடுக்க மாட்டேங்கிறார். சாயங்காலம் துணி மூட்டை ஏத்தணும், அதான் என் வண்டி எப்ப வரும்னு..."

"உங்க வண்டியா?"

"ஆமாம்மா, போன வருஷமே எனக்கு வித்துட்டாரே! பேரம்கூடப் பேசலை. ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். 'மாசத்துல ஒரு நாள் மட்டும் வண்டியை என் கையில குடுத்துடணும், நான் என் மருமகளைப் பார்த்துட்டு வரணும்'னார்."