பீரங்கி உருவிய குச்சி

"இன்னைக்கும் பீரங்கி சார் என் குச்சிப் பாலத்தைக் கவுத்துட்டாருன்னா என் படிப்பு அம்பேல் சார்! 'பெட்டியைக் கட்டிட்டு வந்துடு'ன்னு வீட்ல சொல்லிட்டாங்க."

கல்லூரி முழுக்க வாயாடி என்று பெயரெடுத்த அந்தப் பொறியியல் மாணவி, துறைத்தலைவர் முன்னால் மூக்கை உறிஞ்சினாள்.

"யாரைப் பார்த்து பீரங்கிங்கற? ராணுவத்துல காலமெல்லாம் பாலம், பாலம்னே கிடந்தவரும்மா! அங்க பாரு."

சுவரில் ஒரு போட்டோ. பிரம்மாண்டமான பாலம். அதன் முன்னால் சீருடையில், காதுவரை சிரிப்போடு இளவயதுப் பீரங்கி. மாலைப் பாராட்டு விழாவில் அவருக்குக் கொடுக்க, 'பாலங்களின் தந்தை' என்று பொறித்த கேடயம் மேஜைமேல் பளபளத்தது.

"மத்த சாரெல்லாம் பாலத்து மேல எடை வெச்சுப் பார்ப்பாங்க. இவர் மட்டும் ஒரே ஒரு குச்சியை உருவறாரு. மொத்தமும் பொலபொலன்னு விழுது!"

"அனுபவம்மா, அனுபவம்! வா, நானும் வர்றேன்."

கேடயத்தையும் கையோடு எடுத்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்துக்குள் முதலில் மீசை வந்தது. பின்னாலேயே பீரங்கி வந்தார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

"எங்கம்மா உன் பாலம்?"

இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே மரக்குச்சிப் பாலம் நின்றது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். காதை வைத்துக் கேட்டார். சட்டென்று ஒரு குச்சியை உருவினார்.

வாயாடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பாலம் நின்றது.

இன்னொன்று. நின்றது. மூன்றாவதை உருவினார். லேசாக முனகியது, அவ்வளவுதான். பீரங்கியின் நெற்றியில் ஓடிய வியர்வையைக் கடக்கவே ஒரு பாலம் தேவைப்பட்டது.

"எப்படிம்மா இது?"

"வருஷம் பூரா நீங்க எந்தக் குச்சியை உருவறீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் சார். எதை எடுத்தாலும் பக்கத்துக் குச்சி தாங்கற மாதிரி கட்டிட்டேன்."

பீரங்கி இரண்டடி பின்னால் போய், பூமி அதிர ஒரு சல்யூட் அடித்தார்.

"நீ பாஸ்! என் சர்வீஸ்லயே என்கிட்ட சிக்கித் தப்பிச்ச முதல் பாலம் இதுதாம்மா!"

துறைத்தலைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தப்பிச்சதா? மேஜர் சார், ராணுவத்துல நீங்க பாலம் கட்டினவர்தானே?"

"கட்டறதா? யார் சொன்னா? எதிரி வர்றதுக்குள்ள பாலத்தைத் தகர்க்கறதுதான் எங்க வேலை. எந்த இடத்துல குண்டு வெச்சா மொத்தமும் விழும்னு கண்டுபிடிக்கறது என் பொறுப்பு!"

கேடயம் கைநழுவிக் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியாமல் துறைத்தலைவர் திக்கினார்.

"அப்போ... என் ரூம் போட்டோல இருக்கற அந்தப் பாலம்?"

"அதுவா?" பீரங்கியின் முகத்தில் அதே காதுவரைச் சிரிப்பு. "அருமையான பாலம் சார்! போட்டோ எடுத்து முடிச்ச கையோடதான் திரியைக் கொளுத்தினேன்."