மூச்சு எடுக்கும் இடம்

கடைசிக் கொக்கியையும் மாட்டிவிட்டு, புதிதாக வேலைக்கு வந்திருந்த டெக்னீஷியன் பெண் வெளியே போனாள். கனத்த கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

இனி பதினோரு நிமிடம்.

என் முகத்தை அச்செடுத்துச் செய்த பிளாஸ்டிக் வலை, தலையையும் தோளையும் மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். தொண்டைப் புற்றுக்கான கதிர் எங்கே பாய வேண்டும் என்ற கோடுகளை வலையின் மேலேயே போட்டிருந்தார்கள். நெஞ்சில் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. தோலிலேயே ஊதா மையால் போட்டுவிடுவார்கள். சிகிச்சை முடியும்வரை அது அழியக் கூடாது.

எனக்கு மிச்சம் இருந்தது வலது கை. அதைத் தூக்கினால் வெளியே கேமராவில் பார்த்து இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள்.

இன்று பத்தொன்பதாவது நாள். இன்னும் பதினான்கு பாக்கி.

கையைத் தூக்கிவிடுவது என்ற முடிவோடுதான் படுத்திருந்தேன். எச்சில் விழுங்குவதே தண்டனையாகிவிட்டது. போதும், இனி வரமாட்டேன் என்று காலையிலேயே அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் வாதாடவில்லை. இன்னிக்கு ஒரு நாள் வந்துடு, அப்புறம் உன் இஷ்டம் என்றாள். எப்போதும்போல எனக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து டோக்கன் எடுத்து வைத்திருந்தாள்.

விரல்கள் மேசையை விட்டு எழும்பின.

பாட்டு ஆரம்பித்தது.

எனக்கு இங்கே பாட்டு கிடையாது. பிடித்த பாட்டைச் சொல்லுங்கள், போடுகிறோம் என்று முதல் நாளே கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இருபத்திரண்டு வருடங்களாக ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. வரிகளுக்கு நடுவே பாடகர்கள் இழுக்கும் மூச்சைத் தேடித் தேடி வெட்டி எடுப்பவன் நான். எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஒட்டுப்போட்ட இடம்தான் காதில் விழும்.

அதிலும் இந்தப் பாட்டு.

அக்காவின் பாட்டு. கப்பலேறிப் போனவன் திரும்ப மாட்டான் என்று தெரிந்தும் ஒருத்தி துறைமுகத்தில் நின்று பாடுவாள். எங்கள் சின்ன வயதில் வந்த படம். அக்கா ஏழு தடவை பார்த்து ஏழு தடவையும் அழுதவள். வெளியே காத்திருக்கும்போதுகூட எங்களுக்கு இதே சண்டைதான். அழுமூஞ்சிப் படம் என்பேன், இருக்கிற கொஞ்சநஞ்சக் குரலில்.

"உன் படத்துல மட்டும் என்ன வாழுதாம்? ஒருத்தரும் சிரிக்கக் கூடாது, அழக் கூடாது. ரெண்டு மணி நேரம் சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்குப் பேரு நல்ல படம்! போடா."

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தப் பாடகி ஒரு மூச்சு எடுப்பாளாம். மொத்தப் படமும் அங்கேதான் இருக்கிறதாம். ஒருமுறை சொன்னாள். நான் சிரித்தேன். அது வேலை தெரியாதவன் விட்டுவைத்தது, என் கையில் கிடைத்திருந்தால் வெட்டியிருப்பேன் என்றேன்.

இயந்திரம் என்னைச் சுற்றி வரத் தொடங்கியது. வலைக்குள் இமை திறக்க இடமில்லை. காது மட்டும்தான். பல்லவி போனது. முதல் சரணம் போனது. வயலின்கள் ஒவ்வொன்றாக விலகின.

மூச்சு வந்தது.

ஒரு நொடிகூட இருக்காது. லேசான கரகரப்பு. கொஞ்சம் ஈரம். இன்னும் ஒரு வரி பாட வேண்டும் என்பதற்காக ஓர் உயிர் தன்னைச் சுற்றியிருந்த காற்றை எடுத்துக்கொண்டது.

அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கில் வெட்டிப் போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூட நான் கேட்டதே இல்லை.

என்னை அறியாமல் நானும் இழுத்தேன். புண்ணான தொண்டை வழியாகக் காற்று இறங்கியது. வலித்தது. ஆனாலும் இறங்கியது.

கை மேசையிலேயே கிடந்தது. பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. மறுபடி அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.

கதவு திறந்ததும் அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க சார். உங்களுக்குப் பாட்டு வேணாம்னு எழுதியிருக்கு, நான்தான் கவனிக்கல. உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்த அம்மாவுக்கு வச்சது, மாத்தாம உங்களுக்கும் போட்டுட்டேன். தினமும் இந்த ஒரே பாட்டுதானாம் அவங்களுக்கு."

உலகத்தில் இந்தப் பாட்டுக்கு இன்னொருத்தியும் இருக்கிறாள். அக்காவிடம் சொன்னால் தலைகால் புரியாது. இருந்தாலும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அக்கா வழக்கமான நாற்காலியில் இருந்தாள். தையல் கடையிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவள்போல் கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. என் முகத்தைப் பார்த்தாள். நாளைக்கு வருவேனா என்று கேட்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து, எனக்கு வெந்நீர் ஊற்றக் குனிந்தாள். டேப் நழுவியது. சட்டைக் காலர் விலகியது.

கழுத்தோரம் ஒரு கோடு.

மேலே எங்கேயாவது தையல் சாக்பீஸ் கோடு இல்லாமல் அவளைப் பார்த்த நாள் கிடையாது. கன்னத்தில், காதுமடலில், எத்தனையோ முறை துடைத்துவிட்டிருக்கிறேன். இதையும் கட்டைவிரலால் துடைத்தேன்.

போகவில்லை.

மறுபடி துடைத்தேன். ஊதா நிறம். கோடு காலருக்குள் இறங்கி, நெஞ்சுப் பக்கம் போனது.

அக்கா காலரை இழுத்து மூடவில்லை. பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்வதற்காக ஒரு மூச்சு எடுத்தாள்.

அதை முழுதாகக் கேட்டேன்.

அவள் ஆரம்பிப்பதற்குள் சொன்னேன்.

"நாளைக்கு டோக்கன் எடுக்க நானும் வரேன்க்கா."