ஒரு கொக்குகூட இல்லை

கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பெண் காரை விட்டு இறங்கியதுமே பேயாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எருமைகளை அப்படியே விட்டுவிட்டுக் கம்போடு ஓடிப்போய் வழியை மறித்தார்.

சோழவந்தானைத் தாண்டி, வைகையை ஒட்டிக் கோரையும் தண்ணீருமாகக் கிடக்கிற பெரும் பள்ளம் அது. பட்டா யார் பெயரில் வேண்டுமானாலும் இருக்கட்டும், மேய்ச்சல் பேயாண்டியின் எருமைகளுக்குத்தான். மழை முடிந்துவிட்டால் நாரையும் கொக்கும் கூழைக்கடாவுமாகத் தண்ணீரே தெரியாது.

அதுவே இப்போது வினையாகிவிடும் போலிருந்தது. போன வருஷம் மச்சினன் ஊர்க் கண்மாய்க்கும் இப்படித்தான் ஒருத்தர் பைனாகுலரோடு வந்து பறவைகளை எண்ணிக்கொண்டு போனார். பின்னாலேயே சரணாலயம் என்று பலகை வந்தது. மாடு இறங்கக் கூடாது, புல் அறுக்கக் கூடாது. பாவம், மச்சினன் மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அவனியாபுரத்தில் ஒரு குடோன் வாசலில் வாட்ச்மேனாக நிற்கிறான்.

"யாரைக் கேட்டு இங்க வந்தீக?"

பெயர் ஆர்த்திகாவாம். இங்கே பறவைகள் தங்குகின்றனவா என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். அனுப்பியது யார் என்று பேயாண்டி கேட்கவில்லை. கேட்பானேன், கழுத்தில் தொங்குவதே சொல்கிறதே!

கரைமேல் தயாராக நின்ற பங்காளி சங்கிலிக்குக் கண்ணைக் காட்டினார். இப்படி யாராவது வந்தால் ஆகுமென்று எடுத்துவைத்திருந்த, திருவிழாவில் மிஞ்சிய வெடிச்சரத்தைச் சங்கிலி கொளுத்திப் போட்டான். பள்ளமே அதிர்ந்தது. பறவைகள் அத்தனையும் அலறியடித்துக்கொண்டு எழும்பி, அக்கரைத் தென்னந்தோப்புக்கு அப்பால் போய் மறைந்தன.

அவள் சண்டைக்கு வருவாள் என்று பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். வந்தால் நாலு வார்த்தை நாறக் கேட்டுவிடும் உத்தேசம். அவளோ புகை கலையும்வரை பொறுத்திருந்து, வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள்.

பிறகு செல்போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, பறவைகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னாள். பேயாண்டிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"எம்பேரு பேயாண்டி. பொறந்ததுலேருந்து இந்த ஆத்தங்கரையிலதான் மாடு மேய்க்கிறேன். ஒரு கொக்குகூட இங்க எறங்குனதில்ல."

சங்கிலியும் முண்டியடித்து வந்து, அது சத்தியம் என்று படத்துக்குள் தலையாட்டினான்.

அவள் கார் ஏறுகிற வரைக்கும் பேயாண்டி கம்பைக் கீழே போடவில்லை. கதவு சாத்தியதும் குனிந்து, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, வந்தால் கார் திரும்பிப் போகாது என்று எச்சரித்தார். எருமைகள் பிழைத்தன என்ற தெம்பில் குரல் அதிகமாகவே ஓங்கியிருந்தது.

ஆர்த்திகா கண்ணாடியை இறக்கினாள். முதல்முறையாகச் சிரித்தாள்.

"நான் இனிமே எதுக்குண்ணே வரப்போறேன்? பறவைங்க இருந்தா வீடு கட்ட அனுமதி கிடைக்காதேன்னுதான் இடத்தை வாங்குன எங்க கம்பெனியில பயந்துக்கிட்டு இருந்தாங்க. அடுத்த வாரம் பள்ளத்தை மூட மண் லாரி வந்துரும்."